‘மனதுருகி’ என்ற சொல்லுக்கு அடியில்: ஸ்ப்ளாங்க்னிஸொமாய் என்ற கிரேக்க வினையைப் படிக்கும் முறை

நல்ல சமாரியன் உவமையில் மூன்று பேர் ஒரே வழியாக வருகிறார்கள். ஆசாரியன் “அவனைக் கண்டு, பக்கமாய் விலகிப்போனான்”. லேவியனும் கண்டான், விலகிப்போனான். சமாரியனும் கண்டான். மூவர் பார்த்ததும் அதே குற்றுயிரான மனிதனைத்தான். மூன்றாமவனுக்கு மட்டும் அடுத்து ஒரு சொல் கூடுதலாக வருகிறது: “மனதுருகி”. லூக்கா 10:33-ல் கதை திரும்புவது அந்தச் சொல்லில்தான். கிரேக்கத்தில் அது ‘எஸ்ப்ளாங்க்னிஸ்தே’; அகராதியில் தேட வேண்டிய வடிவம் ‘ஸ்ப்ளாங்க்னிஸொமாய்’.

வேதபாடம் நடத்துகிறவர்களும் பிரசங்கம் ஆயத்தம் செய்கிறவர்களும் அடிக்கடி எடுத்தாளும் சொல் இது. அடிக்கடி தவறாகவும் எடுத்தாளப்படுகிறது. கிரேக்கம் படிக்காதவர்கூட, ஒரு நோட்டும், ஒரு சொல் வரும் வசனங்களையெல்லாம் தொகுத்துத் தரும் எண் போட்ட ஒத்துவாக்கிய அகராதியும் இருந்தால், இரண்டு மணி நேரத்தில் இந்தச் சொல்லை ஒழுங்காகப் படித்து முடிக்கலாம். அதற்கான வழி இது.

முதலில் வசனங்களைச் சேருங்கள்

இந்த வினை புதிய ஏற்பாட்டில் 12 முறை வருகிறது. பன்னிரண்டும் மத்தேயு, மாற்கு, லூக்கா என்ற மூன்று சுவிசேஷங்களுக்குள்தான். யோவானில் இல்லை, அப்போஸ்தலர் நடபடிகளில் இல்லை, நிருபங்களில் இல்லை.

தமிழ்ச் சொல்லை வைத்துத் தேடுகிறவர் இங்கேயே தடுக்கி விழுவார். சபைகளில் பரவலாக வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஒரே கிரேக்க வினை மூன்று தமிழ்ச் சொற்களாகப் பிரிந்து கிடக்கிறது. ‘மனதுருகி’ என்று வருவது 8 இடம்: மத்தேயு 9:36, 14:14, 20:34, மாற்கு 1:41, 6:34, லூக்கா 7:13, 10:33, 15:20. ‘மனதிரங்கி’ என்று வருவது 2 இடம்: மத்தேயு 18:27, மாற்கு 9:22. ‘பரிதபிக்கிறேன்’ என்று வருவது 2 இடம்: மத்தேயு 15:32, மாற்கு 8:2. ‘மனதுருகி’யை மட்டும் தேடினால் நான்கு வசனம் கை நழுவிப்போகும். அந்த நான்கில், இயேசு தம்மைப் பற்றித் தாமே இந்தச் சொல்லைச் சொல்லும் இரண்டு இடங்களும் அடக்கம்.

தமிழ்ச் சொல் எதிர்த்திசையிலும் ஏமாற்றும். எபிரெயர் 4:15-ல் நம்முடைய பலவீனங்களைக்குறித்துப் “பரிதபிக்கக்கூடாத” பிரதான ஆசாரியர் அல்ல என்று வாசிக்கிறோம். அங்கே இருப்பது வேறு கிரேக்கச் சொல், ‘சும்பதேயோ’. கூடவே பாடுபடுதல் என்று பொருள். இரண்டு இடத்திலும் ‘பரிதபி’ இருக்கிறதே என்று முடிச்சுப் போட்டால், மூலத்தில் இல்லாத இணைப்பை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வைத்திருப்பவர்கள் அதையும் பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள். மத்தேயு 9:36, மாற்கு 1:41, லூக்கா 10:33, 15:20 ஆகிய இடங்களில் அது ‘பரிவு கொண்டு’, ‘பரிவுகொண்டார்’ என்று ஒரே வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு போகிறது. சொல்லைத் தொடர்ந்து தேட அது வசதி. வாசிக்கும்போது நெஞ்சில் தைப்பது என்னவோ பழைய மொழிபெயர்ப்பின் ‘மனதுருகி’தான்.

தேடலுக்குப் பாதுகாப்பான வழி எண். ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் எண் கொடுத்திருக்கும் ஸ்ட்ராங் அகராதியில் இந்த வினையின் கிரேக்க எண் 4697. அது பிறந்த பெயர்ச்சொல் ‘ஸ்ப்ளாங்க்னொன்’, எண் 4698. இணையத்தில் கிடைக்கும் எந்த வேத ஆராய்ச்சித் தளத்திலும் 4697 என்று கொடுத்தால் 12 வசனமும் வரிசையாக வந்துவிடும். ஆங்கில வேதாகமத்தில் ‘கம்பாஷன்’ என்று தேடாதீர்கள். கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் மத்தேயு 18:33-லும் மாற்கு 5:19-லும் அந்த ஆங்கிலச் சொல் இருக்கிறது. அடியில் இருப்பது ‘எலெயேயோ’ என்ற வேறு வினை.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்தில் இந்தச் சொல்லைச் சில நூல்கள் நடுவில் ‘ஜி’ போட்டும், சில ‘என்’ போட்டும் எழுதுகின்றன. இரண்டும் ஒரே சொல்தான். கிரேக்கத்தில் காமா என்ற எழுத்து கப்பா, கை, க்ஸி, இன்னொரு காமா ஆகியவற்றுக்கு முன்னால் வந்தால் நம் ‘ங்’ போல ஒலிக்கும். ஆகவே ‘ஸ்ப்ளாக்’ என்று சொல்லாதீர்கள், ‘ஸ்ப்ளாங்க்’ என்று சொல்லுங்கள். தூதன் என்று பொருள்படும் ‘ஆங்கெலொஸ்’ என்ற சொல்லிலும் எழுத்தில் இருப்பது இரண்டு காமாதான்.

ஈரக்குலை

பெயர்ச்சொல்லின் நேர்ப்பொருள் உடலின் உள்ளுறுப்புகள். இதைப் பலர் ‘குடல்’ என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். முழுவதும் தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் துல்லியம் போய்விடுகிறது. பழைய கிரேக்கர் குடலுக்கு ‘என்டெரா’ என்று தனிச்சொல் வைத்திருந்தார்கள். ‘ஸ்ப்ளாங்க்னா’ என்ற பன்மை முதன்மையாகக் குறித்தது இருதயம், நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் ஆகியவற்றை. பலியிட்ட மிருகத்தில் இந்த உறுப்புகளைத்தான் முதலில் எடுத்து, கம்பியில் கோத்துச் சுட்டு, பலியில் பங்குபெற்றவர்கள் சுவைப்பார்கள். மற்ற இறைச்சி அப்புறம்தான். ஹோமரின் இலியத் முதல் காண்டத்திலேயே இந்தக் காட்சி இருக்கிறது.

நமக்கு இதை விளங்கிக்கொள்ள நூலகம் தேவையில்லை. கறிக்கடையில் ஆட்டைத் தொங்கவிட்டு நெஞ்சைப் பிளந்ததும், ஈரலும் இருதயமும் நுரையீரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கொத்தாகக் கையில் வருமே, அதற்குத் தமிழில் ‘ஈரக்குலை’ என்று பெயர் உண்டு. ஸ்ப்ளாங்க்னாவுக்கு அதைவிட நெருங்கிய உடற்சொல் நம்மிடம் இல்லை. குடல் அந்தக் கொத்தில் சேராது.

கிரேக்கச் சொல்லின் எல்லை பிற்காலத்தில் விரிந்து குடலையும் சேர்த்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். அப்போஸ்தலர் 1:18-ல் யூதாசின் “வயிறு வெடித்து, குடல்களெல்லாம் சரிந்துபோயிற்று” என்கிற இடத்தில் இருப்பது இதே பெயர்ச்சொல்தான். புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் 11 முறை வருகிறது; உடலுறுப்பை நேராகக் குறிப்பது இந்த ஓர் இடம் மட்டும். மீதிப் பத்தும் உள்ளத்தைப் பற்றியவை.

வினைச்சொல்லுக்கும் ஒரு காலத்தில் உடல் சார்ந்த பொருள் இருந்தது. கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள 2 மக்கபேயர் 6:8-ல் அதன் செய்வினை வடிவம் பலியின் உள்ளுறுப்புகளை உண்பதைக் குறிக்கிறது. யூதரை வற்புறுத்திப் பலியுணவு உண்ணவைத்த கொடுமையைச் சொல்லும் இடம் அது. சுவிசேஷங்களில் வரும் வடிவம் வேறு. உள்ளுறுப்புகள் தாமே அசைக்கப்படுதல் என்ற நிலைக்கு அது வந்துவிட்டது.

எப்படி வந்தது? கிரேக்க நாடகங்களில் ஸ்ப்ளாங்க்னா கோபத்துக்கும் மூர்க்கமான உணர்ச்சிகளுக்கும் இருப்பிடம். அதை இரக்கத்தின் பக்கமாகத் திருப்பியதில் கிரேக்கம் பேசிய யூதர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நீதிமொழிகள் 12:10-ல் “துன்மார்க்கருடைய இரக்கமும் கொடுமையே” என்கிற இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் ‘ரஹமீம்’ என்ற சொல்லைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் ‘ஸ்ப்ளாங்க்னா’ என்று பெயர்த்தார். சுவிசேஷம் எழுதப்பட்ட காலத்தில் இந்தத் திருப்பம் முடிந்திருந்தது.

தமிழ் வழக்கில் இதற்கு இணை ஏராளம். பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்கிறோம், ஈரக்குலை நடுங்குகிறது என்கிறோம், அடிவயிறு கலங்குகிறது என்கிறோம், நெஞ்சில் ஈரமில்லாதவன் என்கிறோம். இவற்றை விளக்கத்துக்குப் பயன்படுத்தலாம், மொழிபெயர்ப்பாகப் பயன்படுத்தக் கூடாது. ஈரக்குலை நடுங்குவது நமக்குப் பயம். வயிறு எரிவது துக்கமாகவும் இருக்கலாம், பொறாமையாகவும் இருக்கலாம். கிரேக்க வினையில் பயமும் இல்லை, பொறாமையும் இல்லை. ‘இயேசுவுக்கு ஈரக்குலை நடுங்கிற்று’ என்று மேடையில் சொன்னால் சபை வேறொன்றைக் கேட்கும்.

கருப்பை பற்றிய தவறு

மிகவும் பரவிய தவறு இது. எபிரெயத்தில் ‘ரஹமீம்’ என்பது இரக்கம், ‘ரெஹெம்’ என்பது கருப்பை. இரண்டும் ஒரே வேர். அது வரை சரி. அங்கிருந்து ஒரே தாவலாக, ‘மனதுருகி என்றால் கிரேக்கத்தில் கருப்பை துடித்தது என்று அர்த்தம்’ என்று பேசுகிறார்கள். ஸ்ப்ளாங்க்னொன் என்ற சொல் கருப்பையின் பெயர் அல்ல. கருப்பைக்குக் கிரேக்கத்தில் ‘மெட்ரா’ இருக்கிறது, ‘கொய்லியா’ இருக்கிறது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் ரஹமீமுக்குப் பெரும்பாலும் போடப்பட்ட சொல் ‘ஒய்க்டிர்மொய்’. ஸ்ப்ளாங்க்னா அரிதாகத்தான் வருகிறது.

தாயின் இரக்கத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதற்கு நேரான வசனம் உண்டு. 1 இராஜாக்கள் 3:26-ல் சாலொமோன் பிள்ளையை இரண்டாகப் பிளக்கச் சொன்னபோது உண்மையான தாயின் ரஹமீம் பொங்கியது என்கிறது எபிரெயம். அதைத் தமிழில் ‘குடல் துடித்தது’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். கிரேக்க மொழிபெயர்ப்பு அங்கே ‘மெட்ரா’ என்றே போட்டிருக்கிறது. அந்தப் பொருளை அந்த வசனத்திலிருந்து எடுங்கள். லூக்கா 10:33-ன் தலையில் கட்ட வேண்டாம்.

வேர்ப்பொருளைப் பற்றி இன்னும் ஒன்று. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதும், வாசிக்கிறவர் காதில் அது எப்படி விழுந்தது என்பதும் வேறு வேறு. ‘மனம் உருகிப் பாடினார்’ என்று கேட்கும்போது எந்தத் தமிழரும் வெண்ணெய் உருகும் பாத்திரத்தை நினைப்பதில்லை. அதுபோல, மாற்குவை வாசித்த முதல் நூற்றாண்டுக்காரர் ஒவ்வொரு முறையும் ஈரலையும் நுரையீரலையும் கண்முன் கண்டார் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. உறுப்புப் பெயர் சொல்லுக்குள் பழகி அடங்கிவிட்டது. அதிலிருந்து இயேசுவின் வயிற்றில் வலி வந்தது என்பதுவரை போகிறவர்கள் எல்லை தாண்டுகிறார்கள்.

ஐந்து கட்டங்கள்

இனி நோட்டை எடுங்கள். குறுக்குவாட்டில் வைத்து ஐந்து கட்டம் பிரித்து, 12 வசனத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். முதல் கட்டத்தில் மனதுருகியவர் யார். இரண்டில், அதற்கு முன்னால் அவர் எதைக் கண்டார் அல்லது எதைக் கேட்டார். மூன்றில் தமிழ்ச் சொல். நான்கில் கிரேக்க வடிவம். ஐந்தாவதில், அடுத்த வினைச்சொல் என்ன. ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னாலும் பின்னாலும் குறைந்தது மூன்று வசனம் வாசித்த பிறகே கட்டத்தை நிரப்புங்கள்.

முதல் கட்டம் சீக்கிரம் நிரம்பும். ஒன்பது இடத்தில் இயேசு. மூன்று இடத்தில் அவர் சொன்ன உவமைகளின் மனிதர்கள்: கடன் மன்னித்த ராஜா, சமாரியன், கெட்ட குமாரனின் தகப்பன். வேறு யாருக்கும் சுவிசேஷகர்கள் இந்த வினையைக் கொடுக்கவில்லை. சீஷர்களுக்கும் இல்லை. நோட்டில் இதைக் கண்ட பிறகு லூக்கா 10:33-ஐ மறுபடி வாசித்துப் பாருங்கள். யூதர் ஒதுக்கிய ஒரு சமாரியனுக்கு அந்த வரிசையில் இடம் கிடைத்திருக்கிறது.

நான்காவது கட்டத்தில் மூன்றே வடிவம்தான் வரும். ‘எஸ்ப்ளாங்க்னிஸ்தே’, அதாவது மனதுருகினார் என்ற முற்று, 6 இடம்: மத்தேயு 9:36, 14:14, மாற்கு 6:34, லூக்காவின் மூன்றும். ‘ஸ்ப்ளாங்க்னிஸ்தெய்ஸ்’, அதாவது மனதுருகி என்ற எச்சம், 4 இடம்: மத்தேயு 18:27, 20:34, மாற்கு 1:41, 9:22. ‘ஸ்ப்ளாங்க்னிஸொமாய்’ என்ற நிகழ்கால முதல் நபர் வடிவம் 2 இடம்: மத்தேயு 15:32, மாற்கு 8:2. தமிழ் முதல் இரண்டு வடிவங்களையும் ‘உருகி’, ‘இரங்கி’ என்று எச்சமாகவே போட்டுக்கொண்டு போவதால், எது மூலத்தில் முழு வாக்கியமாக நிற்கிறது என்பது இந்தக் கட்டத்தில்தான் தெரியும். லூக்காவில் மூன்றும் முற்று. “கண்டான், மனதுருகினான்” என்று அங்கே ஒரு கணம் நின்றுதான் கதை நகர்கிறது.

இந்த வடிவங்கள் இலக்கணத்தில் செயப்பாட்டு அமைப்பு கொண்டவை. அதைக் காட்டி ‘வெளியிலிருந்து ஒரு சக்தி அவரை அசைத்தது’ என்று உபதேசம் கட்டக் கூடாது. இந்த வினைக்குப் புதிய ஏற்பாட்டில் வேறு அமைப்பே கிடையாது.

கண்களும் காதுகளும்

இரண்டாவது கட்டம்தான் அதிக நேரம் கேட்கும். திரளான ஜனங்களைக் கண்டு, அவளைப் பார்த்து, அவனைக் கண்டு, தூரத்தில் வரும்போதே கண்டு. முற்று வடிவம் வரும் ஆறு இடத்திலும் முன்னால் ஒரு பார்வை இருக்கிறது. எச்ச வடிவம் வரும் நான்கு இடத்திலோ முன்னால் இருப்பது ஒரு குரல்: குஷ்டரோகி வேண்டிக்கொள்கிறான், குருடர் இருவர் கூப்பிடுகிறார்கள், கடன்காரன் கெஞ்சுகிறான், பிசாசு பிடித்த மகனுடைய தகப்பன் மன்றாடுகிறான்.

நாயீன் ஊர் விதவையை இங்கே நிதானமாகப் பாருங்கள். லூக்கா 7:11 முதல் 15 வரை அவள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. உதவி கேட்கவில்லை, விசுவாசம் அறிக்கை செய்யவில்லை. அவள் ஒரே மகனைப் பறிகொடுத்தவள், கைம்பெண் என்று லூக்கா இரண்டே துணுக்கில் சொல்கிறார். பிறகு, “கர்த்தர் அவளைப் பார்த்து, அவள்மேல் மனதுருகி: அழாதே என்று” சொன்னார். பார்வை பாடையின் மேல் விழவில்லை, அவள்மேல் விழுகிறது. அடுத்த வசனத்தில் கை பாடையைத் தொடுகிறது.

தொடுதல் என்பதையும் ஐந்தாம் கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மாற்கு 1:41-ல் குஷ்டரோகியைத் தொட்டார், மத்தேயு 20:34-ல் கண்களைத் தொட்டார், இங்கே பாடையைத் தொட்டார்.

ஐந்தாம் கட்டத்தில் ஓர் இடமும் காலியாக இருக்காது. மனதுருகினார் என்பதோடு நின்றுவிடும் வசனம் ஒன்றும் இல்லை. ஆனால் பின்வரும் செயல் எப்போதும் நாம் எதிர்பார்ப்பதாகவும் இல்லை. ஐயாயிரம் பேருக்கு உணவளித்த அதே நாளை இரண்டு பேர் எழுதுகிறார்கள். மத்தேயு 14:14-ல் மனதுருகி வியாதியஸ்தரைச் சொஸ்தமாக்கினார். மாற்கு 6:34-ல் மனதுருகி “அநேக காரியங்களை அவர்களுக்கு உபதேசிக்கத்தொடங்கினார்”. மேய்ப்பனில்லாத ஆடுகளுக்கு மாற்குவின் இயேசு முதலில் கொடுத்தது போதனை. அப்பம் அதற்குப் பிறகு வருகிறது. மத்தேயு 9:36-லோ உருகியவர் சீஷர்களிடம் திரும்பி, அறுப்பு மிகுதி, வேலையாட்களுக்காக ஜெபியுங்கள் என்கிறார். பத்தாம் அதிகாரத் தொடக்கத்தில் அந்தச் சீஷர்களையே அனுப்புகிறார். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், ‘மனதுருக்கம் என்றால் பசிக்குச் சோறு’ என்ற ஒற்றைவரி விளக்கம் நிற்காது.

பசி காரணமான இடமும் உண்டு. மத்தேயு 15:32-லும் மாற்கு 8:2-லும் “ஜனங்களுக்காகப் பரிதபிக்கிறேன்” என்று இயேசுவே சொல்லி, காரணத்தையும் சொல்கிறார்: மூன்று நாள் ஆயிற்று, சாப்பிட ஒன்றுமில்லை, பட்டினியாய் அனுப்பினால் வழியில் சோர்ந்துபோவார்கள். சிலர் தூரத்திலிருந்து வந்தவர்கள் என்று மாற்கு கூடுதலாகச் சேர்க்கிறார். யார் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பது வரை இந்த உருக்கம் கணக்குப் பார்க்கிறது.

எலெயொஸ் எங்கே நிற்கிறது

தமிழில் ‘இரக்கம்’ என்று வருவதற்கு அடியில் பெரும்பாலும் ‘எலெயொஸ்’ குடும்பச் சொற்கள், சில இடத்தில் ‘ஒய்க்டிர்மொஸ்’. மத்தேயு 5:7-ன் “இரக்கமுள்ளவர்கள் பாக்கியவான்கள்” எலெயொஸ் குடும்பம். லூக்கா 6:36-ன் “இரக்கமுள்ளவர்களாயிருங்கள்” ஒய்க்டிர்மொஸ் குடும்பம். திருப்பலியில் பாடும் ‘கீரியே எலெயிசோன்’ என்பதும் எலெயொஸ்தான்.

எலெயொஸும் நம் வினையும் ஒரே பத்தியில் சந்திக்கும் இடங்கள் மூன்று. படிப்பின் சாரம் அங்கேதான் கிடைக்கும். மத்தேயு 20:30-ல் குருடர் “எங்களுக்கு இரங்கும்” என்று கேட்பது எலெயொஸ். 34-ல் இயேசுவுக்குள் நடந்ததோ ஸ்ப்ளாங்க்னிஸொமாய். லூக்கா 10:33-ல் சமாரியன் மனதுருகினான். பின் கிட்ட வந்து, எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, கட்டி, ஏற்றி, சத்திரத்துக்குக் கொண்டுபோய், பராமரித்து, மறுநாள் இரண்டு தினாரியம் எடுத்துக்கொடுத்து, மேல்செலவையும் ஏற்றான். இதெல்லாம் முடிந்தபின் நியாயசாஸ்திரி 37-ல் சொல்லும் பதில் “இரக்கஞ்செய்தவனே”, அது எலெயொஸ். மத்தேயு 18:27-ல் ராஜா மனதிரங்கினான். 33-ல் அதைத் திரும்பச் சொல்லும்போது “நான் உனக்கு இரங்கினதுபோல” என்பது எலெயொஸ். கேட்கப்படுவதும் செய்யப்படுவதும் எலெயொஸ் என்றும், காண்பதற்கும் செய்வதற்கும் இடையில் உள்ளே நிகழ்வது ஸ்ப்ளாங்க்னிஸொமாய் என்றும் இந்த மூன்று பத்திகளும் பிரித்துக் காட்டுகின்றன. இதை எல்லாக் கிரேக்க நூலுக்கும் பொருந்தும் விதியாக்கிவிடாதீர்கள்.

மத்தேயு 18-ஐ விட்டுப் போகுமுன் தொகையைப் போட்டுப் பாருங்கள். ஒரு தாலந்து சுமார் 6,000 தினாரியம். ஒரு தினாரியம் ஒரு நாள் கூலி (மத்தேயு 20:2). பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் ஆண்டு. உடன்வேலைக்காரனின் கடனோ 100 தினாரியம், அதே கணக்கில் நான்கு மாதச் சம்பளம். அந்த ஊழியக்காரன் கடனைத் தள்ளச் சொல்லிக் கேட்கவே இல்லை. “பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்” என்று தவணைதான் கேட்டான். 26-ல் கேட்டதற்கும் 27-ல் கிடைத்ததற்கும் நடுவே நிற்பது இந்த ஒரு எச்சம்.

அதே ராஜா 34-ல் ‘ஒர்கிஸ்தெய்ஸ்’, அதாவது கோபமடைந்து. 27-ல் ஸ்ப்ளாங்க்னிஸ்தெய்ஸ், 34-ல் ஒர்கிஸ்தெய்ஸ். இரண்டும் ஒரே இலக்கண அச்சு. லூக்கா 15-லும் இந்த ஜோடி இருக்கிறது: 20-ல் தகப்பன் ‘எஸ்ப்ளாங்க்னிஸ்தே’, 28-ல் மூத்த மகன் ‘ஓர்கிஸ்தே’. ஒருவன் உருகி ஓடுகிறான், இன்னொருவன் கோபமடைந்து உள்ளே போக மனதில்லாமல் நிற்கிறான். தகப்பன் உருகியது மகன் வாயைத் திறப்பதற்கு முன்னால் என்பதையும் கவனியுங்கள். அறிக்கை 21-ல்தான் வருகிறது.

மாற்கு 1:41-ல் ஒரு சிக்கல்

இந்த ஜோடி தெரிந்தவருக்கு மாற்கு 1:41-ன் பாட வேறுபாடு புரியும். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பேசா கையெழுத்துப் பிரதியிலும், சில பழைய லத்தீன் பிரதிகளிலும் அங்கே ‘மனதுருகி’ இல்லை. ‘கோபமடைந்து’ என்று இருக்கிறது. சினாய், வத்திக்கான் பிரதிகளும் பெரும்பாலான மற்றப் பிரதிகளும் ‘மனதுருகி’ என்கின்றன. கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் ஆய்வுப் பதிப்பான நெஸ்லே-ஆலந்து 28-ம் பதிப்பு ‘மனதுருகி’யை வைத்திருக்கிறது. 2011-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பான என்.ஐ.வி. கோபத்தின் பக்கம் போயிருக்கிறது. கோபத்தைத் திருத்தி உருக்கமாக்க எழுத்தருக்குக் காரணம் இருந்திருக்கும், உருக்கத்தைக் கோபமாக்க என்ன காரணம் என்பது கோபத்தை ஏற்பவர்கள் வாதம். இணைப் பகுதிகளான மத்தேயு 8:3, லூக்கா 5:13 இரண்டிலும் இரண்டு சொல்லும் இல்லை.

பிரதிகளின் பலம் ‘மனதுருகி’யின் பக்கம் இருப்பதால் தமிழ் வாசிப்பில் தயங்காமல் நிற்கலாம். ஆனால் இந்த ஒரு வசனத்தை முழுச் செய்திக்கும் அஸ்திவாரமாகப் போடாதீர்கள். கூட்டத்தில் என்.ஐ.வி. வைத்திருக்கும் ஒருவர் கை தூக்கினால் பதில் சொல்ல மேலே உள்ள நான்கு வரி போதும். அதை மறைத்துப் பேசுவதைவிட, இரண்டு நிமிடம் ஒதுக்கிச் சொல்லிவிடுவது நல்லது.

பெயர்ச்சொல்லைத் தொடுவதானால்

நேரம் மிஞ்சினால் 4698-க்குப் போகலாம். லூக்கா 1-ல் சகரியாவின் பாட்டிலும் கொலோசெயர் 3:12-லும் தமிழில் “உருக்கமான இரக்கம்”. பிலிப்பியர் 1:8-ல் “உருக்கமான அன்பு”. இவற்றில் நிருப இடங்கள் இரண்டையும் கிங் ஜேம்ஸ் ‘குடல்கள்’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லால் பெயர்த்தது. அக்கால ஆங்கிலத்தில் அதற்கு இரக்கம் என்ற பொருளும் இருந்தது.

தனியாக உட்கார்ந்து படிக்கத் தகுந்தது பிலேமோன். 25 வசனமே உள்ள கடிதத்தில் இந்தப் பெயர்ச்சொல் மூன்று முறை. ஏழாம் வசனத்தில் பரிசுத்தவான்களுடைய “உள்ளங்கள்” உம்மாலே இளைப்பாறின என்று புகழ்கிறார் பவுல். 12-ல் ஓடிப்போன அடிமையான ஒநேசிமுவை “என் உள்ளம்போலிருக்கிற அவனை” ஏற்றுக்கொள்ளும் என்கிறார். கிரேக்கத்தில் ‘போல’ இல்லை, அவனே என் ஸ்ப்ளாங்க்னா. 20-ல் “என் உள்ளத்தை இளைப்பாறப்பண்ணும்”. மற்றவர்களுடைய உள்ளத்தை இளைப்பாற்றியவர் நீர், இதோ வருகிறவன் என் உள்ளம், அதை இளைப்பாற்றும். தமிழில் மூன்று இடத்திலும் ‘உள்ளம்’ என்றே வைத்திருப்பதால் பவுல் பின்னிய நூல் அறுபடாமல் வந்திருக்கிறது.

1 யோவான் 3:17-ல் மட்டும் தமிழ் ‘இருதயம்’ என்கிறது. குறைச்சலுள்ள சகோதரனைக் கண்டும் “தன் இருதயத்தை அவனுக்கு அடைத்துக்கொண்டால்” என்கிற இடத்தில், பூட்டுப் போடப்படுவது ஸ்ப்ளாங்க்னா. இங்கேயும் முன்னால் “கண்டு” இருக்கிறது. லூக்கா 10-ன் ஆசாரியனும் லேவியனும் செய்தது இதுதான் என்று இரண்டையும் சேர்த்து வாசிக்கலாம். இந்த இணைப்பு மூலச் சொல்லிலேயே இருக்கிறது.

மேடையில் எந்தத் தமிழ்ச் சொல்

‘மனதுருகி’யையே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் பக்திப் பாடல்களில் பெரும்பாலும் உருகுகிறவன் பக்தன்; தெய்வத்தின் முன் அவன் நெஞ்சு கரைகிறது. சுவிசேஷத்தில் அந்த வினை ஆண்டவர் பக்கம் போய்விடுகிறது. அந்த மரபில் ஊறிய காதுக்கு இதன் அதிர்வு தனி விளக்கமில்லாமலே கேட்கும். ‘அனுதாபம்’ வேண்டாம், நமக்கு அது இரங்கல் கூட்டச் சொல்லாகிவிட்டது. ‘பரிதாபப்பட்டார்’ என்பதில் மேலேயிருந்து கீழே பார்க்கும் தொனி இருக்கிறது. ‘பரிவு’ நல்ல சொல், பேச்சில் கொஞ்சம் மென்மையாக ஒலிக்கும்.

கிரேக்கச் சொல்லை மேடையில் ஒரு முறை சொன்னால் போதும். நாற்பது நிமிடப் பிரசங்கத்தில் சொல் ஆராய்ச்சிக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதியை நோட்டின் இரண்டாம் கட்டத்துக்கும் ஐந்தாம் கட்டத்துக்கும் கொடுங்கள். 12 வசனத்தையும் வரிசையாக அடுக்கினால் கேட்பவர் கை வேதாகமத்தில் பக்கம் புரட்டியே ஓய்ந்துவிடும். ஒன்றை மையமாக எடுத்து, துணைக்கு இரண்டு போதும். விதவையை எடுத்தால் சமாரியனும் தகப்பனும் துணை. மூன்றும் லூக்கா, மூன்றும் முற்று. ஜெபத்தைப் பற்றிப் பேசுவதானால் மாற்கு 9:22-ஐ எடுங்கள். இந்த வினையை இயேசுவை நோக்கி ஒரு மனிதன் வேண்டுதலாகச் சொல்லும் ஒரே இடம் அது: “எங்கள்மேல் மனதிரங்கி, எங்களுக்கு உதவிசெய்யவேண்டும்.” மகனுக்காகக் கேட்கிற தகப்பன் ‘அவன்மேல்’ என்று சொல்லவில்லை, ‘எங்கள்மேல்’ என்கிறான்.